பன்னிரண்டு அடி மாயை

அமுதத்தின் முகத்தைக் காட்டுகிற படம் ஒன்றுகூட உலகநாதனிடம் இல்லை. புதுச்சேரிக்குப் போய் ஸ்டுடியோவில் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள மூன்று முறை புறப்பட்டார்கள். முதல் முறை மழை. இரண்டாம் முறை பெரியப்பா செத்துப் போனார். மூன்றாம் முறை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அமுதம் இறங்கிவிட்டாள். ரவிக்கையின் கை சரியாக அமையவில்லையாம். நாலாம் முறை என்று ஒன்று வரவில்லை. ஆவணி மாதம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வயது இருபத்திரண்டு.

அவள் சாவைப் பதிந்ததும் உலகநாதன்தான். பாகூரில் கொம்யூன் அலுவலகத்தை மேரி என்பார்கள். பிறப்பு, கலியாணம், சாவு மூன்றையும் அங்கே பிரஞ்சில் எழுதி வைக்கிற குமாஸ்தா அவன். புதுச்சேரியில் காலேஜ் படித்தவன். அழகான கையெழுத்து. ஏழு வருஷத்தில் ஓர் அடித்தல் இல்லை, ஒரு பொய் இல்லை.

அன்று ஊர்ப் பெரியவர் சிங்காரவேலு அவனைத் தனியே கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்:

"தம்பி, திருவோணம் நாலு பத்தோட முடிஞ்சிடுச்சாம். அதுக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு. ஆறு மாசம் அந்த அறையைப் பூட்டிப் போடணும். நாலு மணிக்குப் போனான்னு எழுதிடு."

"நாலு நாற்பதுக்குப் போனா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். புஸ்தகத்துக்கு இன்னா தெரியும்? ஜோசியரு அதைப் பார்த்துத்தான் சொல்லுவாரு."

உலகநாதன் நாலு நாற்பது என்று எழுதினான். அறையைப் பூட்டினார்கள். அவளுடைய புடவைகள், சீப்பு, பாதி பின்னிய மணிப்பை எல்லாம் உள்ளே இருந்தன. அவன் கூடத்தில் படுத்துக்கொண்டான். மாசியோடு ஆறு மாதம் முடிந்தது. அறையை அவன் திறக்கவில்லை. சாவி கூரையின் எரவானத்தில், வீட்டுச் சாவியோடு செருகியபடி இருந்தது.

பங்குனியில் பாகூருக்குப் படம் வந்தது.

பட்டணத்தில் படங்கள் பேசத் தொடங்கிவிட்டதால் பேசாத படங்கள் கிராமங்களைத் தேடி வந்த வருஷம் அது. ஏரிக்கரைக்குக் கீழே கொட்டகை போட்டார்கள். படத்தின் பெயர் 'துறவி விஜயம்'. தவம் இருக்கிற ஒரு முனிவரைக் கெடுக்க உலகம் என்னென்னவோ செய்து பார்க்கிறது. பொன்னைக் காட்டுகிறது, சிம்மாசனத்தைக் காட்டுகிறது, கடைசியில் மாயையைப் பெண்ணாக அனுப்புகிறது. முனிவர் மசியவில்லை. பெருமாள் கருடன் மேல் வந்து காட்சி தருகிறார். இதுதான் கதை.

அந்தப் படத்தில் ஒரு பகுதியைப் பாகூர் ஏரியில்தான் எடுத்தார்கள். போன வருஷத் தையில் கம்பெனிக்காரர்கள் வந்து எட்டு நாள் தங்கியிருந்தார்கள். மாயையாக நடிக்கப் பட்டணத்திலிருந்து வந்த பெண்ணுக்குக் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கத் தெரியவில்லை. இரண்டு குடம் உடைந்தது. மூன்றாவது குடத்தோடு அவளே கரையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்தாள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அமுதத்தின் இடுப்பில் குடம் இருந்தது. அரை நிஜார் போட்ட டைரக்டர் வீரப்பன் அவளிடம் வந்து, கரையில் கொஞ்சம் நடந்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

"நடக்கத்தானே சொல்றாங்க," என்று அவள் பிறகு சொன்னாள். "தெனமும் நடக்கறதுதானே. இன்னிக்குச் சும்மா வேடிக்கை பார்க்க நாலு பேரு."

உலகநாதனுக்கு இதெல்லாம் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தான். ஏரிப்பக்கம் போனான். கரை மேல் அவள் போவது தெரிந்தது. கீழே இருந்து கத்தினான்.

"சாவி எங்கே வச்சே?"

அவள் நின்று திரும்பினாள். அவ்வளவுதான் நடந்தது. காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற டைரக்டர் கையைத் தூக்கிப் பிரமாதம் என்றார். யாரைச் சொல்கிறார் என்று உலகநாதனுக்குப் புரியவில்லை.

"இன்னாங்க நீங்க," என்று அவள் வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "எரவானத்துலதானே இருக்குது. கலியாணம் ஆன நாள்லேருந்து அங்கதானே இருக்குது."

முதல் நாள் ஆட்டத்துக்கு ஊரே போயிற்று. உலகநாதனும் போய் நடுவரிசையில் மணலில் உட்கார்ந்தான். திரைக்குப் பக்கத்தில் கதை சொல்ல ஓர் ஆள் நின்றான். பெயர் பக்கிரி. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவன். வாய்க்கு ஓய்வில்லாதவன்.

மெஷினைக் கையால் சுற்றியவன் வில்லியனூர்க் கிறிஸ்தவன் கில்பர்ட். ஆட்டம் தொடங்கும் முன் அவன் எழுந்து நின்று அறிவித்தான்.

"பிலிம் பெட்டிகிட்ட யாரும் பீடி, சுருட்டு பத்த வைக்கக் கூடாது. புடிச்சிக்கிச்சின்னா தண்ணி ஊத்தினாலும் அணையாது. சொல்லிட்டேன்."

ஏழாவதோ எட்டாவதோ காட்சியில் ஏரிக்கரை வந்தது. குடத்தோடு ஒரு பெண் போகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. அந்த நடை யாருடையது என்று உலகநாதனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான்.

"மகாஜனங்களே, பார்த்துக்குங்க," என்றான் பக்கிரி. "இவதான் மாயை. குடத்துல இருக்கறது தண்ணின்னு நெனைச்சா நீங்க ஏமாந்தீங்க. அம்புட்டும் ஆசை. எத்தினி ராசா இந்தக் குடத்துல வுழுந்தான் தெரியுமா? இதோ நிக்கிறா. திரும்பறா. அந்தக் கண்ணைப் பாருங்க. உலகமே அதுலதான் இருக்குது. இதுக்கு மேலயும் முனிவர் தாக்குப்புடிப்பாரா?"

அந்தக் கண்ணில் இருந்தது என்ன என்று கொட்டகையில் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். இந்த மனுஷனுக்குச் சாவி இருக்கிற இடம் எந்தக் காலத்தில்தான் தெரியப்போகிறது என்ற எரிச்சல் அது.

பெண்கள் பக்கத்திலிருந்து தையலம்மாளின் குரல் கேட்டது. அமுதத்துக்கு அடுத்த வீட்டுக்காரி.

"அடியே, நம்ம அமுதம்டீ."

பக்கிரிகூடப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதற்குள் முனிவர் வந்துவிட்டார்.

கடைசியில் பெருமாள் காட்சி தந்தபோது சனங்கள் எழுந்து நின்று திரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். கில்பர்ட் மெஷினைச் சுற்றிக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தான். திரை தூரத்தில் இருந்தது. சும்மா இருந்துவிட்டான்.

மறுநாள் காலையில் சிங்காரவேலு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேரிக்கு வந்தார். பெஞ்சியில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நேத்து படத்துக்கு வந்திருந்தே."

"வந்திருந்தேன்."

"நாங்களும் பார்த்தோம். மஞ்சள் குங்குமத்தோட போன பொண்ணு. அதை மாயைங்கறான், மயக்கறாங்கறான், பக்கிரி வாயில வந்ததெல்லாம் பேசறான். பத்து நாள் ஆட்டம். தெனமும் அது ஏரிக்கரையில நடந்தா ஊருக்கு ஆவாது. உனக்கும் மனசு தாங்காது."

உலகநாதன் மைக்கூட்டை மூடினான்.

"அதனால அந்த எடத்தை மட்டும் வெட்டி எடுத்துடுன்னு ஆபரேட்டர்கிட்ட சொல்லியாச்சு. எல்லாம் உனக்காகத்தான். சம்மதந்தானே?"

அன்றைய ஆட்டத்துக்கான சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. காலையிலேயே போய் வாங்கியிருந்தான். பத்து நாளும் போவது என்று முடிவு செய்திருந்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். செத்துப்போன பெண்டாட்டியைத் தினமும் பார்க்க வேண்டும் என்று மூன்று பெரிய மனிதர்களிடம், அலுவலக நேரத்தில், எந்த வார்த்தையில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. காலேஜில் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உங்க இஷ்டம்," என்றான்.

"நல்ல புள்ள," என்று எழுந்தார் சிங்காரவேலு.

சாயங்காலம் சீட்டு இருந்ததால் போனான். முனிவர் ஏரிக்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரையில் யாரும் வரவில்லை. முனிவர் கண்ணைத் திறந்தார், வேர்த்தார், நடுங்கினார், பல்லைக் கடித்தார், மறுபடி கண்ணை மூடினார்.

பக்கிரி கொஞ்சம் தடுமாறினான்.

"முனிவருக்குக் குளிர் காய்ச்சல்," என்றான். "ஏரிக்காத்து ஆவலை. ஆனா தவத்தை வுட்டாரா? வுடலை."

சனங்கள் ஒப்புக்கொண்டார்கள். ஏரிக்காற்று யாருக்கும் ஆவதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் உலகநாதன் கொட்டகைக்குப் போனான். கில்பர்ட் தரையில் உட்கார்ந்து அறுந்த இடங்களை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"வெட்டின துண்டு இருக்கா?"

"இருக்குது சார். பன்னிரண்டு அடி. டப்பாவுல வச்சிருக்கேன்."

"எனக்குக் கொடு."

கில்பர்ட் நிமிர்ந்து பார்த்தான்.

"அது கம்பெனி சொத்து சார். அடுத்த ஊர்ல ஒட்டணும். மாயை இல்லாம முனிவர் யாரைத்தான் ஜெயிப்பாரு? இங்க காய்ச்சல்னு சமாளிச்சாச்சு. போற ஊர்ல எல்லாம் காய்ச்சல் வருமா?"

"அது என் சம்சாரம்."

கில்பர்ட் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"வூட்ல வேற படம் இல்லியா?"

"இல்லை."

"ஒண்ணுகூட?"

"ரவிக்கை சரியில்லைன்னுட்டா."

கில்பர்ட் கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டான். வேறு பேச்சாகக் கேட்டான்.

"சார் மேரியிலதானே வேலை? நான் பொறந்தது இந்த ஊர்லதான் சார். எங்க அம்மா அன்னாமேரி வூடு இங்கதான். உங்க புஸ்தகத்துல இருக்கேன். சைகோன்ல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. கப்பல் சீட்டு அவங்களே தர்றாங்க. இருபத்தஞ்சுக்கு மேல போயிருக்கக் கூடாதாம். எனக்கு ரெண்டு வருஷம் கூடிப்போச்சு."

"எந்த வருஷம் பொறந்தே?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு." கில்பர்ட் ஒட்டின இடத்தை ஊதினான். "ஏழா இருந்தா நல்லா இருக்கும்."

உலகநாதன் அலுவலகத்துக்குத் திரும்பினான்.

நாலு நாள் யோசித்தான். யோசித்தான் என்பதைவிட நாலு நாள் அதைச் செய்யாமல் இருந்தான் என்று சொல்லலாம். ஐந்தாம் நாள் பெரிய புத்தகத்தை எடுத்து கில்பர்ட் பிறந்த பக்கத்தைத் திறந்தான். வெள்ளைத்தாளை வைத்து நகல் எழுதினான். ஊர், தேதி, தகப்பன், தாய், சாட்சிகள். வருஷம் வந்த இடத்தில் நிறுத்தினான். நாலு நாற்பதை நாலாக்க மாட்டேன் என்ற கை அது. அப்போது ஊர்ப் பெரியவரே கேட்டார். இப்போது யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழு எழுதி, பிரஞ்சுக்காரர்கள் வழக்கப்படி நடுவில் ஒரு கோடும் போட்டான். மேயர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். உலகநாதன் எழுதியதை யாரும் படிப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

பத்தாம் நாளோடு ஆட்டம் முடிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கில்பர்ட் மேரிக்கு வந்தான். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் போக வேண்டும் என்றான். மடியிலிருந்து வட்டமான தகர டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். உலகநாதன் காகிதத்தை நீட்டினான்.

கில்பர்ட் அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். ஏழைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். ஒரு லோட்டா தண்ணீர் கேட்டான்.

"நெருப்புப் பக்கம் கொண்டு போயிடாதீங்க சார்," என்றான் குடித்துவிட்டு. "வெய்யில்லயும் வைக்காதீங்க. சட்டுனு புடிச்சிக்கும்."

"அடுத்த ஊர்ல என்ன செய்வே?"

"பக்கிரியே வர்றான். காய்ச்சல்தான்."

அப்போதுதான் ஏரிப்பக்கம் சத்தம் கேட்டது.

நடந்தது பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. பத்து நாள் ஊரில் இருந்து தினமும் காட்சி தந்த பெருமாளைச் சும்மா மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புவதா என்று சிங்காரவேலு கேட்டிருக்கிறார். வெளியூர்ச் சாமி வந்தால் எல்லையில் வரவேற்று, போகும்போது கற்பூரம் காட்டி அனுப்புவது பாகூரில் வழக்கம். சாமி பெட்டிக்குள் இருக்கிறார். பெட்டியைக் கொட்டகைக்கு வெளியே மணைமேல் வைத்து மாலை போட்டார்கள். தாம்பாளத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள். மூடின பெட்டிக்குக் காட்டுவது சாத்தின கதவுக்குக் காட்டுவது மாதிரி என்று யாரோ சொல்ல, அதுவும் சரி என்று பட்டது. மூடியைத் திறந்தார்கள். தடுக்க வேண்டிய ஆள் மேரியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சுற்றில் பெருமாள் பற்றிக்கொண்டார்.

கில்பர்ட்டும் உலகநாதனும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெட்டி இருந்த இடத்தில் கறுப்பாகக் கொஞ்சம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சிங்காரவேலுவின் மீசையில் ஒரு பக்கம் இல்லை. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. சனங்கள் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார்கள்.

"நெருப்பு கூடாதுன்னு அத்தினி தபா சொன்னேனே," என்றான் கில்பர்ட். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"பீடி, சுருட்டுதான் கூடாதுன்னே," என்றார் சிங்காரவேலு. "கற்பூரம் கூடாதுன்னு சொல்லலியேப்பா."

"அதுவும் நெருப்புதானே?"

"கற்பூரம் எப்படி நெருப்பாவும்?" என்று தையலம்மாள் கேட்டாள். "சாமி சோதியில கலந்துட்டாரு. பத்து நாள் பூசைக்கு வேற எந்த ஊருக்குக் குடுத்து வச்சிருக்குது?"

கில்பர்ட் உலகநாதனைப் பார்த்தான். உலகநாதன் ஏரியைப் பார்த்தான். அன்று சாயங்காலமே கில்பர்ட் காகிதத்தோடு கிளம்பிவிட்டான். இரண்டு மாதம் கழித்து சைகோனிலிருந்து ஒரு கார்டு வந்தது. சவுக்கியம், இங்கேயும் ஏரி இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

அதற்கு முன் சித்திரையில் டைரக்டர் வீரப்பன் மேரிக்கு வந்தார். அரை நிஜார் இல்லை. வேட்டி கட்டியிருந்தார், இளைத்திருந்தார். படம் எரிந்துபோனதற்கு ஒரு பத்திரம் வேண்டும் என்றார்.

"வேற பிரதி இருக்குமே," என்றான் உலகநாதன்.

"இல்லை. மூலப் பிலிமைக் கூட்டாளி வெள்ளிக்கு வித்துட்டான். கழுவினா வெள்ளி வருமாம். பேசாத படத்துக்கு இனிமே அவ்வளவுதான் மதிப்பு. ஊர் ஊரா சுத்தினது ஒரே பிரதி." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நான் எடுத்தது ஒரே படம். இனிமே எடுக்கப் போறதில்லை. எரியும்போது ஆபரேட்டர் எங்கே இருந்தான்?"

"அலுவல் விஷயமா இங்கே வந்திருந்தான்."

அது உண்மைதான். அதையும் எழுதினான்.

"படத்துல ஒரே ஒரு இடம்தான் எனக்குத் திருப்தி," என்றார் வீரப்பன். "இந்த ஊர் ஏரியில எடுத்தது. குடத்தோட ஒரு பெண் திரும்பிப் பார்ப்பா. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை. திரும்பச் சொல்லவும் இல்லை. அவளா நின்னா, அவளா திரும்பினா. எதைப் பார்த்தாளோ. அந்தப் பார்வைக்காகத்தான் படத்தையே பார்க்கலாம்."

உலகநாதன் பேனாவை மையில் தொட்டான்.

"ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா? அறுந்தது, வெட்டினது, ஏதாவது. நாலு அடி இருந்தாக்கூடப் போதும். நானும் ஒரு படம் எடுத்தேன்னு எனக்கே ஒரு அத்தாட்சி. ஊர்ல யார்கிட்டயாவது இருக்குமா?"

மேசையின் கீழ் இழுப்பறையில் தகர டப்பா இருந்தது. உலகநாதனின் முழங்கால் அந்த இழுப்பறையில் படும். வீரப்பன் நல்ல மனுஷராகத் தெரிந்தார். கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வார். பாதியாக வெட்டிக்கூடக் கொடுக்கலாம். நடக்கிற பாதி, திரும்புகிற பாதி. அவருக்கும் திரும்புகிற பாதிதான் வேண்டும்.

"இல்லை," என்றான்.

பிறகு பிரஞ்சில் எழுதினான். மேற்படி படம் முழுவதும் எரிந்தது. ஓர் அடியும் மிஞ்சவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினான். வீரப்பன் மை காய ஊதி, மடித்து வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். உலகநாதன் அவர் போகும்வரை தலை நிமிரவில்லை.

மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். எரவானத்தில் கையை விட்டு இரண்டு சாவிகளையும் எடுத்தான். வீட்டைத் திறந்தான். பிறகு அறையைத் திறந்தான். எட்டு மாதத்து நாற்றம் வந்தது. கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் தள்ளினான். அந்த நேரத்தில் அந்த ஜன்னலில் வெய்யில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும்.

டப்பாவிலிருந்து சுருளை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தான். நூற்றுத்தொண்ணூற்றிரண்டு படம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தளவு. நூற்றறுபது வரை முதுகு. அதன் பிறகு தோள் திரும்புகிறது. காதுத் தோடு தெரிகிறது. கடைசிப் பதினொன்றில் முகம். புருவம் சேர்ந்திருந்தது. ரவிக்கையின் கை அன்றும் சரியில்லை.

கடைசிப் படத்தில் வாய் லேசாகத் திறந்திருந்தது. கில்பர்ட்டின் கத்தரிக்கோல் அதோடு நிறுத்தியிருந்தது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பக்கிரியைக் கேட்டால் ஏதாவது சொல்வான்.

உலகநாதன் சுருளைச் சுற்றி டப்பாவில் வைத்தான். டப்பாவை அவள் புடவைகளுக்கு நடுவில் வைத்தான். அறையைப் பூட்டவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு, சாவியை எரவானத்தில் செருகினான்.